அருவியோரம் முன்னால் நடந்த கிடா

“கத்தாதே! வாயை மூடிக்கிட்டு என் பின்னாடி வா!” என்று சீறியது கடமான் மருதி.

“நான் எங்கே கத்தினேன்? பேசத்தானே செய்யறேன்!” என்றது ஆட்டுக்கிடா. அதையும் கத்தித்தான் சொன்னது.

மருதிக்குத் தலை வலித்தது. மலை உச்சிப் புல்வெளியில் உறைபனி விழுந்து, புல் மொத்தமும் கருகிப் போயிருந்தது. கன்று சில்லானைக் கூட்டிக்கொண்டு, கீழே ஆற்றங்கரைப் பசும்புல்லுக்குக் கிளம்பும்போதுதான் இந்தக் கிடா வந்து ஒட்டிக்கொண்டது. மந்தையைத் தவறவிட்டுவிட்டதாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் ஊராம். மேய்ப்பவர் வைத்த பெயர் ஜமீன். நடையும் அப்படித்தான் இருந்தது.

“இங்கே பாரு, ஜமீன்,” என்றது மருதி. “போற வழியில மூணு அருவி இருக்கு. செந்நாய்ங்க அங்கேதான் பதுங்கும். தண்ணி இரைச்சல்ல நான் கத்தினாலும் உனக்குக் கேட்காது. அதனால என் வாலைப் பார்த்துக்கிட்டே வா. வால் தூக்கிச்சுன்னா யோசிக்காம மடுவுல குதி. ஆழத்துல செந்நாயால நிக்க முடியாது. நான் உன் பக்கத்துல நிப்பேன்.”

“உன் வாலையா? நானா?” ஜமீனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “ஏம்மா, எங்க ஊர்ல வந்து கேளு! நான் முன்னால போனா மந்தையே என் வாலைப் பார்த்துக்கிட்டு வரும்!”

“அங்கே உனக்கு வழி தெரியும். இங்கே தெரியுமா?”

“பெரிய வழி! தண்ணி போற பக்கம் இறங்க வேண்டியதுதானே?”

சில்லான் குதித்தது. “மாமா சொல்றது சரிதானேம்மா!”

“மாமாவா? காலையிலதான் பார்த்தே, அதுக்குள்ள உறவா?”

முதல் அருவி வந்தது. ஜமீன் வாலைப் பார்க்கவில்லை. பாதை நடுவில் நின்று, அருவியைப் பார்த்துத் தாடியை ஆட்டிக்கொண்டிருந்தது. மருதி திரும்பி வந்து முட்டித் தள்ள வேண்டியிருந்தது. நாய் எதுவும் வரவில்லை.

இரண்டாவது அருவியிலும் நாய் இல்லை. அதற்குப் பிறகு ஜமீனைப் பிடிக்க முடியுமா?

“எங்கேம்மா உன் செந்நாய்? குளிக்கப் போயிருக்கா?”

“வராத வரைக்கும் நல்லதுன்னு நினைச்சுக்கோ!”

“டேய் சில்லான், உங்கம்மா வாலைப் பார்த்துப் பார்த்து உனக்குக் கழுத்தே குனிஞ்சுபோச்சு. நிமிர்ந்து நட, ஆம்பளை மாதிரி!”

சில்லான் நிமிர்ந்து நடந்தது. மருதி பல்லைக் கடித்தது. கிடாவுக்குச் சொன்னால் கேட்காது. கன்றுக்கோ, கிடா சொல்வது மட்டும்தான் கேட்கும்!

மூன்றாவது அருவி பெரியது. நெருங்க நெருங்க இரைச்சல் காதை அடைத்தது. அங்கே போய், பாதை கொஞ்சம் அகலமான இடத்தில், ஜமீன் மருதியை இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் போனது. சில்லானும் அதன் பின்னாலேயே ஓடியது.

“திரும்பி வாங்க!” மருதி அலறியது. அதன் குரல் அதற்கே கேட்கவில்லை.

அப்போது பார்த்தது. பெரணிச் செடிகளுக்கு நடுவே ஒரு சிவந்த முதுகு. பாறைக்குப் பின்னால் இன்னொன்று.

மருதி வாலைத் தூக்கியது. காலைத் தரையில் ஓங்கி ஓங்கி உதைத்தது. என்ன தூக்கி என்ன? முன்னால் போகிறவர்களுக்கு முதுகில் கண்ணா இருக்கிறது?

சில்லான் திரும்பியது. பயந்து ஒன்றும் திரும்பவில்லை. ‘நான் எப்படி நடக்கிறேன் பார்’ என்று அம்மாவிடம் காட்டத்தான் திரும்பியது. திரும்பிய கண்ணில் வெள்ளையாய் நிமிர்ந்த வால் பட்டது. அவ்வளவுதான். ஒரே பாய்ச்சலில் மடுவுக்குள் விழுந்தது. மருதியும் குதித்து, கன்றைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டது.

ஜமீன் நடந்துகொண்டே இருந்தது. தலை நிமிர்ந்திருந்தது. வாய் அசைந்துகொண்டிருந்தது. பின்னால் ஒரு சத்தமும் இல்லையே என்று அது சந்தேகப்படவில்லை. எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு வருகிறார்கள் என்றுதான் நினைத்திருக்கும்.

ஒரு தடவை திரும்பியிருந்தால் போதும். மருதி தண்ணீரில் நின்றபடி அதன் முதுகையே பார்த்தது. ‘திரும்பு, முட்டாளே! திரும்பு!’

செந்நாய்கள் கிடாவின் இரண்டு பக்கமும் வந்தன. மருதி கன்றின் முகத்தைத் தன் கழுத்தால் மறைத்தது.

பொழுது சாயும் நேரத்தில் ஆற்றங்கரைப் புல்லில் இருவரும் நின்றார்கள். சில்லான் புல்லில் வாய் வைக்கவில்லை.

“மாமா ஏம்மா நம்மளத் திரும்பிப் பார்க்கலை?”

திட்டத்தான் வாயெடுத்தது மருதி. முடியவில்லை. “அதுக்குப் பழக்கம் இல்லடா,” என்றது.

வழி தெரியாத இடத்தில் வழி தெரிந்தவர் பின்னால் நடப்பது அவமானம் இல்லை. ஜமீனிடம் சொன்னதும் அதுதான், ஜமீன் செய்யாததும் அதுதான்.