அடைப்புக்குறிக்குள் இருந்த ஐந்து

ஓர் ஆய்வுக்கூடத்து மேசையில், ஒரு துண்டுத்தாளில், ஓர் எண் குடியிருந்தது. 7.4126(5) என்று பென்சிலில் எழுதி அனுப்பியிருந்தார் லூர்துராஜ். ஆறு மாதம் கருவியோடு மல்லுக்கட்டி அவர் அளந்த மாறிலி அது. பூங்கோதை தொகுக்கும் அட்டவணையில் அன்றைக்கு அது ஏறியாக வேண்டும்.

முன்னால் நின்ற ஏழுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் வாலில், அடைப்புக்குறிக்குள் உட்கார்ந்திருந்த ஐந்தைக் கண்டாலே அதற்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏம்ப்பா, கடைசி இலக்கம் அஞ்சு கூடலாம், அஞ்சு குறையலாம்னு ஊர் பூரா தம்பட்டம் அடிக்கிறியே! நம்ம குடும்ப மானம் என்ன ஆகறது?"

கடைசி இலக்கமான ஆறு நெளிந்தது. அளக்கும்போதெல்லாம் தான் ஆடிய ஆட்டம் அதற்கல்லவா தெரியும்! "அண்ணே, அவன் சொல்றது நெசந்தானே?" என்றது மெல்ல.

"நீ வாயை மூடு!"

பூங்கோதை டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, ஏழு ரப்பரைக் கூப்பிட்டது. சுத்தம் என்றால் உயிரை விடும் ரப்பர் உருண்டு வந்து, ஐந்தை அடைப்புக்குறியோடு தேய்த்துத் தள்ளிவிட்டது.

திரும்பி வந்த பூங்கோதை, வேறோர் ஊர் ஆய்வுக்கூடத்துக் கடிதத்தைப் பிரித்தாள். அதே மாறிலிதான். ஆனால் 7.4129(4) என்றிருந்தது.

"இவங்க ஒன்பதுங்கறாங்க, நம்ம மனுஷன் ஆறுங்கறாரு. பிழை எவ்வளவுன்னும் போடல. இதை எதை நம்பி ஏத்தறது?" எண்ணையே அடித்துவிடச் சிவப்புப் பென்சிலை எடுத்தாள்.

"ஐயோ, எல்லாம் இந்த ஆறால வந்த வினை!" என்று ஏழு அலறியது. பாவம், ஆறு கண்ணை மூடிக்கொண்டது.

அடிக்கப் போன கை நின்றது. எழுத்து போனாலும் பென்சில் அழுத்தின தடம் போகுமா? தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, லூர்துராஜுக்குப் போன் போட்டாள்.

"சார், அடைப்புக்குறிக்குள்ள அஞ்சு போட்டிருந்தீங்களா?"

"அதைப் போடாம அனுப்புவேனாம்மா?"

"நல்லதாப் போச்சு. இன்னொரு ஆய்வுக்கூடத்து எண்ணுக்கும் உங்களுதுக்கும் கடைசி இலக்கத்துல மூணுதான் வித்தியாசம். உங்க அஞ்சுக்குள்ள அடங்கிடுச்சு!"

ஐந்தை மறுபடி எழுதினாள், இந்தத் தடவை மையில். எண் அட்டவணையில் ஏறியது.

ஏழு அசடு வழியக் கேட்டது: "தம்பி, நம்மளப் பத்தி அப்படி என்னப்பா நல்லதாச் சொன்னே?"

"நல்லதா ஒண்ணும் சொல்லலண்ணே. எவ்வளவு தப்பா இருப்போம்னு சொன்னேன். நம்பிட்டாங்க."