எர்மினா கொடுத்த மண்கட்டி

பிராங்கு தேசத்தில் ராஜாவின் கை தளர்ந்து, கோட்டை வைத்திருந்தவனெல்லாம் ராஜாவான காலம். குண்ட்ராம் பிரபு ஊருக்குச் சொல்லி அனுப்பினார்: "நிலத்தை எனக்குக் கொடுங்கள். விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு எனக்கு என்ற பேச்சில் உங்களிடமே திருப்பித் தருகிறேன். கொள்ளைக்காரர்களிடமிருந்தும் காப்பாற்றுகிறேன்." மறுத்தவர்கள் வீட்டில் மட்டும் கொள்ளை நடந்தது.

வழக்கப்படி நிலத்து மண்கட்டி ஒன்றைப் பிரபுவின் கையில் வைக்க வேண்டும். வாங்கியதும் நிலம் அவருடையது. திருப்பித் தந்துவிட்டால், கொடுத்தவரிடமிருந்து அதை அவராலும் பரம்பரைக்கும் பிடுங்க முடியாது. பாதிரியார்தான் சாட்சி.

நாற்பது பேர் கொடுத்து முடித்தார்கள். நாற்பத்தொன்றாவதாக வந்தாள் விதவை எர்மினா. போன வருஷம் பிரபுவின் ஆட்கள் அவளுடைய திராட்சைத் தோட்டத்தை வேலி போட்டு வளைத்ததிலிருந்து, அவளும் மூன்று பிள்ளைகளும் அக்கம்பக்கத்து ரொட்டியில்தான் பிழைத்தார்கள். பிரபு முகம் பார்க்காமல், கொட்டாவியோடு கட்டியை வாங்கித் திருப்பிக் கொடுத்தார்.

"நன்றி பிரபுவே. திராட்சைக் கொடிகளை நாளைக்கே வெட்டிக் கவாத்து செய்துவிடுகிறேன்."

"உனக்கு ஏது திராட்சை?"

"உங்கள் வேலிக்குள் கைவிட்டு எடுத்த மண்ணுங்க அது."

"அடி கள்ளி, அது என் தோட்டம்."

"உங்களுடையதை என் கையிலிருந்து ஏன் வாங்கினீர்கள், பிரபுவே?"

பிரபு பாதிரியாரின் காதருகே குனிந்தார். "இந்தச் சடங்கே செல்லாது என்று சொல்லிவிட்டால்?"

"தாராளமாகச் சொல்லலாம். கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். மற்ற நாற்பது பேரும் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை."

பிரபு நிமிர்ந்தார். எர்மினாவைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்.

"கவாத்தை ஒழுங்காகச் செய்," என்றார்.