வடை உடம்புக்குக் கேடு

ஊரையே புகைய விட்ட சிகரெட் கம்பெனி முதலாளி ஏகாம்பரத்துக்கு எலியைக் கண்டால் தொடை நடுங்கும். அவர் அறைக்குள் எலி ஒன்று புகுந்துவிட்ட அன்றைக்கென்று பார்த்து, அறையைப் பெருக்கும் காத்தாயி வாயைத் திறந்துவிட்டாள்.

"ஐயா, எங்க வீட்டுக்காரரு நம்ம சிகரெட்டை விடவும் முடியாம, மூச்சு விடவும் முடியாம கிடக்காரு. கம்பெனிதான் வைத்தியம் பாக்கணும்."

"நானா அவன் வாயில வெச்சுப் பத்த வெச்சேன்? அவனா ஆசைப்பட்டுக் குடிச்சான். கேடுன்னு பாக்கெட் மேலயே போட்டிருக்கோமே! போ, முதல்ல அலமாரியில ஓடுற எலியைப் பிடி. நாளைக்குப் பத்திரிகைக்காரங்க வராங்க" என்று எரிந்து விழுந்தார்.

மறுநாள் பத்திரிகைக்காரர்கள் சூழ்ந்திருந்த நேரம் பார்த்து, காத்தாயி எலிப்பொறியோடு வந்து நின்றாள். உள்ளே கொழுத்த எலி. முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

"பலே! எப்படிப் பிடிச்சே?"

"நான் எங்கய்யா பிடிச்சேன்? மசால்வடைதான் வெச்சேன். அதுவா ஆசைப்பட்டு உள்ள போச்சு. நம்ம பாக்கெட்ல போடுற மாதிரியே, 'வடை உடம்புக்குக் கேடு'ன்னு பொறி மேலயும் எழுதி ஒட்டிட்டேன், பாருங்க. நேத்து நீங்க சொன்ன நியாயப்படி, குத்தம் எலி மேலதான்."

அறையே அதிரச் சிரித்தது. சிரிக்காதவர்கள் இரண்டே பேர்: முதலாளியும் எலியும்.