சடையாண்டி நின்ற மூலை

கோதண்டராய மகாராஜாவுக்குச் சடுகுடு என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். ஒருநாள் தங்கக் காப்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, பாடி வருபவனைப் பிடிக்கிற ஆட்டக்காரர்களில் ஆட்டத்தின் போக்கையே மாற்றியவன் யாரோ அவனுக்கே இது என்றார். அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து காலில் மண் படாத பண்டிதர்களெல்லாம் கணுக்கால் பிடி, இடுப்புப் பிடி என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். கடைசியில் எல்லா வாயும் ஒரே பெயரில் வந்து நின்றது. மகாராஜாவின் மைத்துனர் திம்மராயர். வேறெங்கே போய் நிற்கும்?

திம்மராயர் நிறையப் பேரைப் பிடித்தவர் என்பது உண்மைதான். பாடி வருகிறவனும் அரண்மனைச் சோறு தின்கிறவன். ராணியின் தம்பி கையிலிருந்து திமிறுவானா? அவருக்குக் காப்பு மட்டும் போதவில்லை. வலது மூலையில் நிற்கும் சடையாண்டியை அணியை விட்டே துரத்தச் சொன்னார். "வருஷம் முழுக்க ஒருத்தனையும் பிடிக்கவில்லை. அவன் நிற்கிற இடத்தில் புல்லே முளைத்துவிட்டது." சடையாண்டிக்கு அரண்மனை அளக்கும் படியரிசியை விட்டால் வேறு பிழைப்பில்லை. அவன் தலை குனிந்து நின்றான்.

அரசவை விகடர் மருதப்பருக்கு எரிச்சல் தாங்கவில்லை. களத்திலேயே பார்த்துவிடலாம் என்று எல்லாரையும் கிளப்பிக்கொண்டு போனார். திம்மராயரின் வைர மோதிரத்தை வாங்கி அவர் காலடியிலேயே வைத்தார். காப்பைச் சடையாண்டியின் காலடியில், அந்தப் புல்லில் வைத்தார். எதை எடுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டினாலும் எடுத்தவனுக்கே சொந்தம் என்று மகாராஜாவையே சொல்ல வைத்தார்.

எதிரணி ஆட்டக்காரன் முத்திருளன் பாடிக்கொண்டு போனான். திம்மராயர் பாய்ந்து பிடித்தார். இத்தனை நாளும் பூனைக்குட்டி மாதிரி மாட்டிக்கொண்டவன் இன்று ஒரு உதறு உதறினான். மைத்துனர் புழுதியில் உட்கார்ந்திருந்தார். மோதிரம் கோட்டைத் தாண்டிவிட்டது.

அடுத்து காப்புக்கு யார் போகிறீர்கள் என்று மருதப்பர் கேட்டார். ஒருவரும் அசையவில்லை.

முத்திருளன் தலையைச் சொறிந்தான். "அந்த மூலைக்குப் போனவன் திரும்பி வந்ததில்லை சாமி. இவன் வந்தப்புறம் ஆட்டத்தையே மறு பக்கமா மாத்திக்கிட்டோம்."

மகாராஜா புல்லைப் பார்த்தார். பண்டிதர்கள் தங்கள் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டார்கள்.

"மருதப்பரே, அந்தக் காப்பை எடுத்து வாரும். உரியவனுக்கு என் கையாலேயே போடுகிறேன்" என்றார் மகாராஜா.

"மன்னிக்க வேண்டும் மகாராஜா. அது உரியவனிடம்தான் இருக்கிறது. அங்கே போய் எடுக்க மட்டும் என்னைச் சொல்லாதீர்கள், வீட்டுக்கு நான் நடந்து போக வேண்டும்."