தும்பையின் குன்றிமணி மாலை

ஒரு குளத்தங்கரையில், நாணல் புதருக்கு அடியில் தும்பை என்ற முயல் தன் மூன்று குட்டிகளோடு வளை போட்டுக் குடியிருந்தது. தும்பைப் பூ மாதிரியே வெள்ளை. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படும்.

போன மழைக்குக் குளம் தளும்பியது. தண்ணீர் வளைக்குள்ளேயே வந்துவிட்டது. தும்பை குட்டிகளை ஒவ்வொன்றாய் வாயில் கவ்விக்கொண்டு மேட்டுக்கு ஓடியது. கடைக்குட்டியை எடுக்க வந்து பார்த்தால், அது தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது! மூக்கு மட்டும்தான் வெளியே. பாய்ந்து கவ்வியது. நல்ல வேளை, உயிர் தங்கியது.

அன்றைக்கே தும்பை மனசுக்குள் ஒரு முடிவு எடுத்தது. 'அடுத்த மழைக்குள் பாறை மேட்டில் ஒரு வளை வேணும். இல்லாவிட்டால் என் பிள்ளைகள் எனக்கில்லை!'

ஆனால் மேட்டு மண் கல்லாய் இறுகின மண். முயல் நகத்துக்கு மசியாது. பெருச்சாளிகள்தான் தோண்ட வேணும். பெருச்சாளி மேஸ்திரி வந்து இடத்தைப் பார்த்தது. மீசையை நீவிக்கொண்டது.

"தோண்டிடலாம்மா. கூலி ஒரு குவியல் கிழங்கு. முன்னாடியே வந்துடணும்!"

ஒரு குவியலா! தும்பைக்குக் கிடைப்பதெல்லாம் அன்றாடம் வயிற்றுக்கே சரியாய்ப் போகும். அந்தக் காட்டில் அவ்வளவு கிழங்கு ஒரே இடத்தில்தான் உண்டு. அது முள்ளையா என்ற முள்ளம்பன்றியின் கிடங்கு.

தும்பை தயங்கித் தயங்கிப் போய் நின்றது.

"ஐயா... ஒரு குவியல் கிழங்கு கடனா வேணும். கொஞ்சங் கொஞ்சமா திருப்பிடுறேன்."

முள்ளையா கிடங்கு வாசலில் இருந்த காரைச்செடியைக் காட்டியது. அதன் ஒவ்வொரு கிளையிலும் ஒரு சரம் தொங்கியது. எல்லாம் சிவப்புக் குன்றிமணி.

"இதுல உன் சரம் எதும்மா?"

"எனக்குச் சரமே இல்லீங்களே."

"அப்போ கடனும் இல்லை!"

தும்பைக்கு ரோஷம் வந்துவிட்டது. கூச்சமெல்லாம் எங்கோ போய்விட்டது.

"என்ன ஐயா, இப்படிச் சொல்றீங்க? நான் யார்கிட்டயும் ஒரு மணி கம்புகூடக் கடன் வாங்கினதில்லை! ஒருத்தருக்கும் பாக்கி வச்சதில்லை!"

"அதாம்மா சிக்கலே! வாங்கினாத்தானே நீ திருப்பிக் கொடுக்கிறவளா இல்லையான்னு எனக்குத் தெரியும்? நல்லவளாத்தான் இருப்பே. ஆனா உன் முகத்தைப் பார்த்து ஒரு குவியல் கிழங்கை எடுத்துக் கொடுக்க முடியுமா, சொல்லு."

தும்பைக்குச் சுருக்கென்றது. ஆனாலும் யோசித்துப் பார்த்தால் நியாயம்தான்.

"அப்போ நான் என்ன செய்யணும்?"

முள்ளையா ஒரு விளாங்காய் ஓட்டுச் சில்லை எடுத்தது. அதில் தன் பல்லைப் பதித்தது. நார் கோத்துத் தும்பையின் கழுத்தில் கட்டியது.

"இது கடன் சில்லு. இதைக் காட்டி மாசம் ஒரு கூடை வரைக்கும் தானியம் எடுக்கலாம். அடுத்த பௌர்ணமிக்குள்ள எடுத்த அளவு வந்துடணும். அதுக்கு மேல ஒரு மணிகூடக் கேக்க மாட்டேன். முழுசா வந்தா உன் சரத்துல ஒரு குன்றிமணி ஏறும். பாதி வந்தா ஏறாது, மீதி வட்டியாக் குட்டி போடும். ஒண்ணுமே வராட்டி இருக்கிறதுலயே ஒண்ணை உருவிடுவேன். என்னைக்கு உன் சரம் முனையோட முனை சேர்ந்து மாலையாகுதோ, அன்னைக்கு வந்து பெரிய கடன் கேளு!"

தும்பை சில்லோடு திரும்பி வந்தது. வழியில் தோகையன் என்ற மயில் நின்றது. அதன் கழுத்திலும் ஒரு சில்லு மின்னியது. தோகையன் அதைத் தினம் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருந்தது.

"அட, தங்கச்சி! நீயும் சில்லு வாங்கிட்டியா? இனி உனக்கென்ன குறை! ஒரு கூடை முழுக்க அள்ளு. இன்னைக்கே விருந்து வை!"

"திருப்பணுமே அண்ணே?"

"முழுசாவா திருப்புவாங்க? அசடு! கொஞ்சம் கிள்ளிப் போட்டாப் போதும். மீதி அப்புறம் பார்த்துக்கலாம். நான் அப்படித்தான் ராஜா மாதிரி இருக்கேன்!"

தும்பை வழியைப் பார்த்து நடந்தது. வீட்டுக்கு வந்து வெகுநேரம் யோசித்தது. 'சில்லில் ஒரு கூடை எடுக்கலாம். ஆனால் ஒரு கூடையும் என்னுடையதா? இல்லையே. என் கையால் சேர்க்க முடிந்ததுதான் என்னுடையது.'

அதனால் அது ஒரு வழி செய்தது. தினம் மேய்ந்து வருவதில் ஒரு பங்கை எடுத்து வேரடியில் ஒரு குழியில் போட்டு மூடும். குழியில் எவ்வளவு சேர்ந்திருக்கிறதோ, அவ்வளவுதான் சில்லைக் காட்டி எடுக்கும். அதற்கு மேல் ஒரு மணி எடுக்காது. ரெண்டு பிடியோ மூணு பிடியோ, அவ்வளவுதான். குழியில் இருப்பதை அப்படியே பௌர்ணமிக்கு முன்னால் கொண்டுபோய்க் கொட்டிவிடும்.

குளத்தங்கரை முழுக்கச் சிரிப்பு.

"கேட்டியா கதையை? வீட்டுல கம்பை வச்சுக்கிட்டே கடன் வாங்குறாளாம்!" என்றது கௌதாரி.

"கூடை நிறைய எடுக்கலாம்னு சொன்னா, பிடி பிடியா எடுக்குறாளே! சில்லு கட்டுறதுக்கே லாயக்கு இல்லை!" என்றது தோகையன்.

தும்பை காதை மடக்கிக்கொண்டு தன் வேலையைப் பார்த்தது. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஒரு குன்றிமணி ஏறியது. வெயில் காலத்தில் சரம் கிளையில் பாதி வந்தது. ஆடிக் காற்றில் முக்கால் வந்தது. புரட்டாசியில் பார்த்தால், மாலையாக ஒரே ஒரு மணிதான் பாக்கி!

தும்பைக்குத் தூக்கம் வரவில்லை. 'இந்த ஒரு பௌர்ணமி. அதோடு மாலை சேர்ந்துவிடும். மேஸ்திரியைக் கூப்பிட்டுவிடலாம்!'

ஐப்பசி பிறந்தது. மழை சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டது. வானம் முழுக்கக் கருமேகம். சூரியனையே காணோம், நிலா எங்கே தெரியப்போகிறது!

அந்தக் காட்டில் எல்லோரும் நிலாவைப் பார்த்துத்தான் தவணை கட்டுவார்கள். குளத்துத் தண்ணீரில் வட்டமாய் நிலா விழுந்தால் பௌர்ணமி. விழாவிட்டால் பௌர்ணமி இல்லை. தாத்தா முப்பாட்டன் காலத்துப் பழக்கம் அது. யாரும் மாற்றி யோசித்ததே இல்லை.

மேகத்தைக் கண்டதும் தோகையனுக்குத் தலைகால் புரியவில்லை. தோகையை விரித்துக்கொண்டு ஆட்டமான ஆட்டம்!

"நிலா இல்லை, தவணை இல்லை! மேகம் இருக்கிற வரைக்கும் முள்ளையா நம்மளைக் கேக்க முடியாது! வாங்கடா எல்லாரும், என் சில்லுல விருந்து!"

கௌதாரி, காடை, காட்டெலி எல்லாம் ஓடின. அவையவை தன் சில்லை நீட்டி, ஆளுக்கொரு கூடை அள்ளின.

தும்பையின் வளையில் வேறு கதை. மழையில் மேயப் போக முடியவில்லை. குட்டிகள் அரைவயிறு. குளமும் ஏறி ஏறி வளை வாசலுக்கு வந்துவிட்டது. கடைக்குட்டி குழியை முகர்ந்து பார்த்தது.

"அம்மா, இதுல கம்பு வாசனை வருதே. கொஞ்சம் தாயேன்."

தும்பை குழியையும் குட்டியையும் பார்த்தது. கொடுத்துவிடலாமா? அந்த நேரம் பார்த்துத் தோகையன் எட்டிப் பார்த்தது.

"குழந்தை கேக்குதுல்ல, போடு தங்கச்சி! நிலாவே வரலையே. யாருக்காக மூடி வச்சிருக்கே?"

தும்பை குழியை இன்னும் நன்றாய் மூடியது. அப்புறம் சொன்னது.

"அண்ணே, என் பிள்ளை புதருக்குள்ள போயிட்டா, எனக்குப் பிள்ளையே இல்லைன்னா ஆகும்? நிலாவும் அப்படித்தானே! மேகம் மூடுறதுக்கு முன்னால நான் பார்த்தேன். ஒரு ஓரம்தான் குறை இருந்துச்சு. இந்நேரம் நிறைஞ்சிருக்கும். நமக்குத் தெரியலை, அவ்வளவுதான்!"

"பெரிய ஜோசியக்காரி!" என்று தோகையன் சிரித்துக்கொண்டே போனது.

தும்பை நனைந்த அருகம்புல்லைப் பறித்து வந்து குட்டிகளுக்குக் கொடுத்தது. "இன்னைக்கு இதைச் சாப்பிடுங்க கண்ணுங்களா. நாளைக்கு அம்மா உங்களுக்கு மேட்டுல வீடு கட்டுறேன்." குழியில் இருந்ததைத் தேக்கு இலையில் கட்டியது. கொட்டும் மழையில் கிடங்குக்கு ஓடியது.

முள்ளையா பொட்டலத்தைப் பிரித்தது. அளந்து பார்த்தது. தும்பையையும் பார்த்தது.

"ஏம்மா, நிலாதான் இன்னும் வரலையே. அதுக்குள்ள கொண்டு வந்துட்டியே?"

"நிலா வரட்டும்னு நான் ஏன் ஐயா காத்திருக்கணும்? கொடுக்க வேண்டியது கையில சேர்ந்துடுச்சு. கொண்டு வந்துட்டேன்!"

முள்ளையாவின் முட்கள் எல்லாம் சலசலவென்று சிலிர்த்தன. அது சந்தோஷப்பட்டால் அப்படித்தான். ஒரு குன்றிமணியை எடுத்தது. கோத்தது. முனையோடு முனை சேர்ந்தது. மாலை முடிந்தது!

பெரிய கடன் கேட்பதற்குள் இருட்டிவிட்டது. மறுநாள் விடிகாலையில் காற்று அடித்து மேகம் கொஞ்சம் விலகியது. மேற்கே நிலா தெரிந்தது. குளத்தங்கரை முழுக்க நிமிர்ந்து பார்த்தது.

"ஐயோ! ஓரம் தேய்ஞ்சிருக்கே!" என்று கத்தியது கௌதாரி. "பௌர்ணமி போயே போச்சே!"

எல்லாம் கிடங்குக்குப் பறந்தன. அங்கே முள்ளையா ஒவ்வொரு சரத்திலிருந்தும் மணியை உருவிக்கொண்டிருந்தது.

"நீங்க எங்களுக்குச் சொல்லவே இல்லையே!" என்று தோகையன் சண்டைக்கு நின்றது.

"சொல்றது என் வேலையா? கூடை கூடையா அள்ளும்போது என்கிட்ட கேட்டுட்டா அள்ளினீங்க? வாங்கினவங்கதான் நாளைப் பார்க்கணும்!"

தோகையன் தன் கிளையைப் பார்த்தது. ஏற்கெனவே இருந்தது ஒரே ஒரு மணி. அதுவும் போய்விட்டது. வெறும் நார் காற்றில் ஆடியது. கிள்ளிக் கிள்ளிப் போட்டதில் மீதிக் கடனோ குட்டி போட்டு, அந்தக் குட்டியும் குட்டி போட்டு நின்றது.

அப்போது தும்பை முன்னால் வந்தது. எல்லோரும் பார்க்கிறார்களே என்று காது சிவந்தது. ஆனாலும் குரல் கணீரென்று வந்தது.

"ஐயா, ஒரு குவியல் கிழங்கு வேணும். மேட்டுல வளை தோண்ட!"

முள்ளையா மாலையை மட்டும் ஒரு பார்வை பார்த்தது. வேறு எதுவும் கேட்கவில்லை.

"எடுத்துக்கோம்மா! ஒரு குவியல் போதுமா, ரெண்டு வேணுமா?"

"ஒண்ணு போதுங்க. என்னால திருப்ப முடியுறது ஒண்ணுதான்."

கௌதாரிக்கு வாய் மூடவில்லை. கிழங்குக் குவியல் உருண்டு வந்தது. மேஸ்திரி தன் கூட்டத்தோடு மேட்டில் இறங்கியது. மழையோடு மழையாய்ப் பெருச்சாளிகள் மண்ணை வாரி வீசின. பாறைக்கு அடியில் அகலமாய், காய்ந்த தரையோடு, தண்ணீர் எட்டாத வளை! தும்பை குட்டிகளைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறியது.

அன்று சாயங்காலமே குளம் உடைத்துக்கொண்டது. நாணல் புதர் மூழ்கியது. பழைய வளை இருந்த இடமே தெரியவில்லை. மேட்டிலிருந்து தும்பை அதைப் பார்த்தது. கடைக்குட்டி அதன் வயிற்றில் முகத்தை வைத்துக் குறட்டை விட்டுத் தூங்கியது. மீசை நுனிகூட நனையவில்லை!

கொஞ்ச நாளில் தோகையன் மேட்டுக்கு வந்தது. சிறகெல்லாம் நனைந்து ஒட்டி, பாதி உடம்பாய் இருந்தது.

"தங்கச்சி... பட்டினி. முள்ளையா ஒரு மணி தானியம் தர மாட்டேங்குறார். உன் சில்லைக் கொஞ்சம் கொடேன். அடுத்த பௌர்ணமிக்குத் தந்துடுறேன்."

தும்பை உள்ளே போனது. வேகமாய் ஒரு இலை நிறையக் கிழங்கு கொண்டு வந்து முன்னால் வைத்தது.

"பசின்னு வா அண்ணே, எந்த நேரமும் சோறு போடுறேன். என் வீடு உன் வீடு. ஆனா சில்லை மட்டும் கேக்காதே! அது என் பேரு. பேரை யாருக்கும் இரவல் கொடுக்க முடியாது!"

தோகையன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டது.

தும்பை அந்தக் குவியலைப் பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒரு பங்காய், ஒன்றுகூடத் தவறாமல் திருப்பிக் கட்டி முடித்தது. கடைசிப் பங்கு வந்த அன்று முள்ளையா கிடங்கு வாசலுக்கே வந்து நின்று, "காட்டுல எந்தக் கிடங்குக்கும் போம்மா! தும்பைன்னு சொன்னாலே கதவு திறக்கும்!" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னது.

கடன் கிடைக்கிறதே என்று அள்ளாமல், திருப்ப முடிந்த அளவே வாங்கி, நாள் தவறாமல் முழுதாய்த் திருப்புகிறவருக்கே, வேண்டிய நேரத்தில் நல்ல பேர் கைகொடுக்கும்.