ஸ்நேருக்கு மேலே இரண்டு மைக்

செசிலி மீந்த கேபிளை வட்டம் வட்டமாகச் சுருட்டிக்கொண்டிருந்தாள். கை அது பாட்டுக்குச் சுற்றியது. மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை.

பெனிட்டோ மாஸ்டர் கதவைத் திறந்து உள்ளே வந்ததும் சொல்லிவிட்டாள்.

"வரமாட்டேங்குது மாஸ்டர்."

மாஸ்டர் அவளைவிட ஆறு வயது சின்னவர். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஒலிப்பதிவு வேலையை அவரிடம் படிப்பதால் அவளுக்கு அவர் மாஸ்டர்.

என்ன வரவில்லை என்று கேட்டார்.

டிரம்ஸுக்கு மேலே இரண்டு மைக் வைத்திருந்தாள். மெர்வின் உட்கார்ந்து வாசிக்கும்போது, அவன் முழங்கால்களுக்கு நடுவே இருக்கும் சின்ன டிரம், அந்த ஸ்நேர், ஹெட்ஃபோனில் இடது காதுப் பக்கமே ஒதுங்கி நின்றது. சத்தமும் சத்தில்லாமல், தகர டப்பாவைத் தட்டின மாதிரி.

மெர்வின் ஒரு மணிக்குக் கிளம்ப வேண்டும். விமானத்தில் போய்க் கப்பலில் சேர்ந்து வாசிக்கப் போகிறான். திரும்ப ஆறு மாசம். அதற்குள் சரியாகவில்லை என்றால் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு மெஷின் டிரம்ஸையே போட்டுக்கொள்கிறோம் என்று பாடகர் குழுவினர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

செசிலியை நம்பித் தனியாக விட்ட முதல் பதிவு அது.

காலையிலிருந்து எத்தனை தடவை மைக்கை நகர்த்தினாளோ, கணக்கில்லை. "இப்படியே போனா கப்பல்ல வந்துதான் வைப்பீங்க போலக்கா" என்று மெர்வின் வேறு கேலி பண்ணினான்.

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார்.

பீடத்து மெழுகுவத்திகள் மாதிரி இரண்டு மைக்கும் ஒரே உயரம். நடுவில் பெரிய டிரம். அதற்கு இந்தப் பக்கம் எத்தனை சாணோ அந்தப் பக்கமும் அத்தனை சாண். சனிக்கிழமைதோறும் கோயிலில் பீடம் ஜோடிக்கிற கை அது. ஒரு பூச்சாடி விரற்கடை தள்ளியிருந்தாலும் பொறுக்காது.

மாஸ்டர் வாசலுக்குப் போனார். மெர்வின் கழற்றிப்போட்டிருந்த ஷூவிலிருந்து லேஸை உருவிக்கொண்டு வந்தார்.

ஒத்தை லேஸோடு எப்படி ஏர்போர்ட்டுக்குப் போவது என்று மெர்வின் முனகினான்.

லேஸின் ஒரு நுனியை ஸ்நேரின் நடுவில் வைத்து அவனையே அழுத்திக்கொள்ளச் சொன்னார். மறுநுனியை இடது மைக் வரை இழுத்தார்.

தொட்டது.

அப்படியே வலது மைக்குக்குக் கொண்டுபோனார்.

இரண்டு சாண் எட்டவில்லை.

நுனியைச் செசிலியின் கையில் கொடுத்துவிட்டு, போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

அவள் லேஸைப் பார்த்தாள். மைக்கைப் பார்த்தாள். வலது ஸ்டாண்டைத் தாழ்த்தினாள். கொஞ்சம் உள்ளே தள்ளினாள். லேஸ் எட்டியது.

தள்ளி நின்று பார்த்தால் ஒன்று நெட்டையாக நிற்கிறது, இன்னொன்று குனிந்து எதையோ தேடுகிறது. அவளுக்குக் கூச்சமாகிவிட்டது.

"கோணலா இருக்கே மாஸ்டர்."

"யாருக்கு?"

அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள்.

மெர்வின் அடித்தான்.

ஸ்நேர் நேராக நெற்றிப்பொட்டில் வந்து உட்கார்ந்தது. கனமாக, முழுசாக. காலையிலிருந்து நெஞ்சில் அடைத்துக் கிடந்த மூச்சு மொத்தமும் அப்போதுதான் வெளியே வந்தது. கூடவே சிரிப்பும்.

கண்ணைத் திறந்து மாஸ்டர் பக்கம் திரும்பினாள்.

டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து மெர்வின் கூப்பிட்டான், பதிவைப் போடுங்கக்கா, மணி பன்னிரண்டரை ஆகுது என்று.

"இதோ போட்டுட்டேன். அப்போ மாஸ்டர், இவ்வளவு நேரமா நான் நடுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தது கண்ணுக்குத்தான் நடு, காதுக்கு இல்ல!"