வெங்காயச் சருகு

மனைவி உலகம்மாளின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு ஆவுடையப்பன் மடத்துக்கு வந்துவிட்டார். கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மடத்துச் சாமிக்கு அவருடைய மகன் வயதுதான் இருக்கும். இருந்தாலும் விழுந்து கும்பிட்டு, சீடனாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்றார்.

சாவு வீட்டில் அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல்நெஞ்சக்காரன் என்று சொந்தபந்தம் முணுமுணுத்தது. சொந்தபந்தத்துக்கு என்ன, வாய்க்கு வந்ததைப் பேசும். அந்த மனுஷன் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தார். மடத்தில் நாலைந்து நாள் போட்டதைச் சாப்பிட்டார். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஒரு காலை சாமியிடம் வாய் திறந்தார்.

"சாமி, வெங்காயத் தோல்ல ஃபிளேவனாய்டுன்னு ஒரு சத்து இருக்கு. என் ஆராய்ச்சியே அதுலதான். எலிக்குக் கொடுத்துப் பார்த்தேன். ரத்தக் குழாய் இளகிச்சு, வீக்கம் வத்திச்சு. அவளுக்கும் இருதயக் கோளாறுதான். தினமும் என் கையாலேயே கசாயம் வச்சுக் கொடுத்தேன். எலிக்குப் பலிச்சது அவளுக்கு ஏன் பலிக்கல?"

 சாமி எழுந்து கடைத்தெருவுக்குப் போய், ஓர் ஓலைப்பெட்டி நிறையச் சின்ன வெங்காயத்தோடு திரும்பி வந்தார்.

"அடுக்களை முற்றத்துல உட்கார்ந்து இதை உரிங்க ஐயா."

சமையல்காரர் நயினார் பெட்டியைப் பார்த்ததும் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். என்னவோ கேட்க வாயெடுத்தார். சாமி பார்த்த பார்வையில் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

ஆவுடையப்பன் உரிக்க ஆரம்பித்தார். சாமியும் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து ஒன்றிரண்டை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் ஆவுடையப்பனுக்குக் கண் கரித்தது. புறங்கையால் துடைத்தார்.

"வெங்காயம், சாமி."

"ஆமா, வெங்காயந்தான். துடைக்காதீங்க, இன்னும் எரியும்."

துடைக்காமல் உரித்தார். கண்ணீர் மூக்கோரமாக இறங்கி மடியில் விழுந்தது. உரித்த வெங்காயத்தைப் பெட்டியின் மூடியில் போட்டார். சருகை மட்டும் கீழே விடவில்லை. மேல்துண்டை விரித்து, மண் ஒட்டாததாக, அழுகல் இல்லாததாகப் பார்த்துப் பார்த்து அதில் சேர்த்தார். பழகிய கை, அதுபாட்டுக்குச் செய்துகொண்டிருந்தது.

"அது எதுக்கு ஐயா?"

"சத்து பூரா இதுலதான் இருக்கு சாமி. நிழல்ல காயப்போட்டு, கசாயம் வச்சா..."

"யாருக்கு?"

ஆவுடையப்பனின் கை அப்படியே நின்றுவிட்டது.

"அன்னைக்குச் சாயங்காலம்," என்று ஆரம்பித்தார்.  "கசாயத்தோட உள்ள போனேன். இன்னைக்கு இது வேண்டாங்க, சும்மா என் பக்கத்துல கொஞ்சம் உட்காருங்களேன்னு கேட்டா. முதல்ல குடி, அப்புறம் உட்காருதேன்னு சொன்னேன். மறுபேச்சு பேசாமக் குடிச்சா. நான் டம்ளரைக் கழுவி வச்சிட்டு வாரதுக்குள்ள..."

 துண்டைச் சருகோடு அள்ளி முகத்தில் பொத்திக்கொண்டு அழுதார்.  உள்ளே நயினார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றார்.

சாமி தேற்றவில்லை. முதுகைத் தடவிக்கூடக் கொடுக்கவில்லை. மீதி வெங்காயத்தை உரித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

முற்றத்து நிழல் சுருங்கி வெயில் காலைச் சுடும்போதுதான் அழுகை ஓய்ந்தது. ஆவுடையப்பன் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தார். சாமியின் முகத்தைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. குனிந்து, உரித்த வெங்காயத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நேரமாயிட்டு சாமி. சமையலுக்கு இதை நயினார்கிட்டக் கொடுத்துட்டு வாரேன்."

"இந்த மடத்துல யாரும் வெங்காயம் சாப்பிடுறதில்லை, ஐயா," என்றார் சாமி.